நேரில் வராத ஃபிட்டர்

"நேர்ல போய்ப் பாத்துத்தான் மெஷினுக்கு என்ன கோளாறுன்னு சொல்லோணும்னா, அவன் ஃபிட்டரே இல்லீங்க. வேடிக்கை பாக்க வந்தவன். நானெல்லாம் போன்ல சத்தத்தைக் கேட்டாப் போதும். ஜெர்மன் மெஷினா இருந்தாலுஞ் செரி, ஜப்பான் மெஷினா இருந்தாலுஞ் செரி, அதுக்கு எங்க வலிக்குதுன்னு எங்கூட்டுக் கட்டல்ல படுத்துக்கிட்டே சொல்லிருவேன்."

இரண்டாயிரத்து நான்காம் வருடம் ஆயுத பூஜையன்று, அவிநாசி ரோட்டில் வேலுமணி முதலாளியின் நிட்டிங் கம்பெனியில், வாய் நிறையப் பொரிகடலையுடன் லிங்கசாமி இவ்வாறு அருளினார். சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருந்த பன்னிரண்டு பின்னல் மெஷின்களும் அதைக் கேட்டன. எதுவும் மறுத்துப் பேசவில்லை. ஆகவே அது உண்மை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

லிங்கசாமிக்கு நாற்பத்தெட்டு வயது. சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிகளின் தடதடப்பில் பிறந்து, திருப்பூர்ப் பின்னல் மெஷின்களின் இரைச்சலில் வளர்ந்தவர். நூலை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னிப் பனியன் துணியாக இறக்கும் அந்த மெஷின்கள் மக்கர் பண்ணினால் திருப்பூர்க்காரர்கள் முதலில் சாமியைக் கும்பிடுவார்கள், அடுத்து லிங்கசாமிக்குப் போன் போடுவார்கள். சில கம்பெனிகளில் இந்த வரிசை மாறியும் இருந்தது.

"மெஷின்கிட்ட போனைக் காட்டுங்" என்பார் லிங்கசாமி. அந்தப் பக்கம் இருப்பவர் செல்போனை, குழந்தைக்குத் திருஷ்டி சுற்றுவது போல, ஓடுகிற மெஷினைச் சுற்றிக் காட்டுவார். இந்தப் பக்கம் லிங்கசாமி கண்ணை மூடிக்கொள்வார். மூச்சை இழுத்து விடுவார். வீட்டில் அந்த நேரம் மிக்ஸி ஓடக்கூடாது, குக்கர் விசில் அடிக்கக்கூடாது. பிறகு தீர்ப்பு வரும்.

"ஊசி ஒடஞ்சிருக்குதுங். இல்லீன்னா எண்ணெய் வத்திருக்கும். ரெண்டும் இல்லீன்னா பஞ்சு அடச்சிருக்குது, காத்து வச்சு ஊதியுடுங்."

பின்னல் மெஷினுக்கு வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்றுதான் என்பது அந்த ஊரில் டீ வாங்கி வருகிறவனுக்கும் தெரியும். ஆனால் டீ வாங்கி வருகிறவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதில்லை. மூன்றில் ஒன்று சரியானதும் முதலாளிமார் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். "மனுசக் காது இல்லீங்க அது, ஸ்கேனிங் மெஷினு" என்று வேலுமணியே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். மூன்றிலும் சேராத கோளாறு வந்தால், சொன்ன மூன்றையும் அவர்கள் சரியாகச் செய்யவில்லை என்று லிங்கசாமி கோபித்துக்கொள்வார். அவர்களும் மன்னிப்புக் கேட்பார்கள்.

இவ்வளவு புகழையும் வீட்டில் ஒருவர் மட்டும் மதிக்கவில்லை. அது அவருடைய மனைவி மயிலாள். ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, உள்ளே கையை விட்டு விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். "கையில எடுத்துப் பாக்காம நான் ஒரு பீஸக்கூட உடமாட்டனுங்க. நீங்க எப்படித்தான் போன்லயே பொழப்ப ஓட்டறீங்களோ" என்பார். லிங்கசாமி சிரிப்பார். துணிக்குச் சத்தம் கிடையாது, பாவம் மயிலாளுக்கு வேறு வழி இல்லை என்பது அவர் கருத்து.

இப்படியே நான்கு வருடம் ஓடியது. இரண்டாயிரத்து எட்டாம் வருடம் கரண்டு கட்டு வந்தது.

வேலுமணியின் கம்பெனியில் பழைய மெஷின் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு புது மெஷினைப் பூட்டிக்கொடுக்க லிங்கசாமி வந்திருந்தார். பூட்டுகிற வேலைக்கு மட்டும் அவர் நேரில் வருவார், அதைப் போனில் செய்ய இன்னும் வழி பிறக்கவில்லை. பதினொரு மணிக்குக் கரண்டு போனது. மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி ஓய்ந்தன. ஜெனரேட்டரைப் போட ஆள் ஓடினார். கொட்டகை முழுக்க அப்படியொரு அமைதி. ரோட்டில் ஒருவர் கொய்யாப்பழம் விற்பதுகூடக் கேட்டது.

லிங்கசாமி நிமிர்ந்து அதட்டினார். "யார்றா அது, அந்தக் கடைசி மெஷின நிறுத்தாம உட்டது? கீங்னு கத்துது பாரு!"

ஆபரேட்டர் மாரிச்செல்வம் சுற்றிலும் பார்த்தார். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பிழைக்க வந்து எட்டு வருடமாகியும் ஊர்ப் பேச்சைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தார்.

"எல்லாம் நின்னுட்டே அண்ணாச்சி. கரண்டே இல்ல, எது ஓடும்?"

"எனக்குக் கேக்குதுங்கறேன்!"

"எங்களுக்குக் கேக்கலியே அண்ணாச்சி."

லிங்கசாமி கடைசி மெஷினிடம் போய் உருளையில் கையை வைத்தார். அசையவில்லை. பக்கத்து மெஷின், அடுத்த மெஷின் என்று பன்னிரண்டையும் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டும் பிணம் போல் கிடந்தன. ஆனால் கீங் என்ற சத்தம் நிற்கவில்லை. இடது காதைக் கையால் பொத்தினார். பொத்திய பிறகு சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கு அவருக்கு வேர்த்த வேர்வை, ஜெனரேட்டர் வந்து ஃபேன் ஓடிய பிறகும் அடங்கவில்லை. காதுதான் அவருடைய ஸ்பேனர், திருப்புளி, பெயர், மரியாதை எல்லாம். அந்தக் காதுக்குள் யாரோ ஒரு மெஷினை ஓட்டிவிட்டுச் சாவியை எடுத்துப் போய்விட்டார்கள்.

ஆனாலும் நிபுணர் நிபுணர்தான். முதல் சந்தேகம் செல்போன் மேல் போனது. போனை மாற்றினார். சத்தம் போகவில்லை. அடுத்து, ஊரில் எல்லாருக்கும் தொண்டை கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்தார். "ஏன் இப்பெல்லாம் எல்லாரும் குசுகுசுன்னே பேசறீங்க? சோறு திங்கறதில்லையா?" என்று கேட்டார். வீட்டில் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிட்டு, லிங்கசாமி வீட்டு டிவியிலேயே சீரியல் கேட்கத் தொடங்கினார்கள்.

"ஏனுங்க, ஒரு நடை காது டாக்டர்ட்டக் காட்டிப்போட்டு வந்தரலாமுங்க" என்றார் மயிலாள்.

"போன் நம்பர் வாங்கு."

"நேர்லதானுங்க பாப்பாங்க!"

"அப்படின்னா அவருக்கு வேலை தெரியாதுன்னு அர்த்தம்."

நம்பர் வந்தது. லிங்கசாமி போன் போட்டார். ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கும் பெண் எடுத்தார்.

"வணக்கமுங்க. எனக்குக் காதுக்குள்ள ஒரு சத்தம் வருதுங்க. நான் போனை அந்தக் காதுலதான் வச்சிருக்கறனுங்க. கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

 லிங்கசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மெஷினைச் சுற்றிக் காட்டுவது போல் தலையை மெதுவாகத் திருப்பிக்கூடக் கொடுத்தார்.

"ஐயா, உங்க காதுக்குள்ள கேக்கற சத்தம் எனக்கு எப்படிங்க கேக்கும்? நேர்ல வாங்க, டோக்கன் போட்டுத் தர்றேன்."

"பாத்தியா?" என்று போனை வைத்தார் லிங்கசாமி. "காது ஆஸ்பத்திரின்னு போர்டு. அங்க இருக்கற புள்ளைக்கே காது கேக்கல."

அடுத்த ஆலோசனை மெடிக்கல் ஷாப் கிட்டுசாமியிடம், போனில்தான். கிட்டுசாமி ஒரு சொட்டு மருந்தின் பெயரைச் சொன்னார். காதுக்கா, கண்ணுக்கா என்று லிங்கசாமி கேட்கவில்லை, கிட்டுசாமியும் விளக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கின்றன. அந்த மருந்தால் காதுக்குக் கெடுதலும் இல்லை, குணமும் இல்லை. நல்ல வேளையாகக் கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகுதான் டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டாக்டர் டிவியில் உட்கார்ந்துகொண்டு, போனில் வருகிற நோய்களுக்கெல்லாம் பதில் சொல்வார். இதோ தன் இனத்தைச் சேர்ந்த ஒருவர் என்று லிங்கசாமிக்குப் பட்டது. மூன்று ஞாயிறு முயற்சி செய்து நாலாம் ஞாயிறு லைன் கிடைத்தது.

"வணக்கம், சொல்லுங்க, எங்கிருந்து பேசறீங்க?"

"திருப்பூர்ங்க! லிங்கசாமிங்க! எனக்குக் காதுல..."

"சார், உங்க டிவி வால்யூமைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

"கம்மி பண்ணுனா எனக்குக் கேக்காதுங்களே!"

"கம்மி பண்ணிட்டுப் பேசுங்க சார்."

மயிலாள் சத்தத்தைக் குறைத்தார். போனில் வந்த குரலைக் காதுக்குள் இருந்த கீங் மூடிவிட்டது. டாக்டரின் வாய் அசைந்தது. கை அசைந்தது. ஒரு விரலைத் தூக்கி எதையோ கண்டிப்பாகச் சொன்னார். லிங்கசாமி "செரிங்க, செரிங்க" என்று தலையாட்டினார். நாடே பார்த்த அந்த ஆலோசனையை, அது யாருக்குச் சொல்லப்பட்டதோ அவரைத் தவிர எல்லாரும் கேட்டார்கள்.

"என்னன்னு சொன்னாரு?" என்று மயிலாளைக் கேட்டார்.

"ஒடனே நேர்ல போய்க் காட்டச் சொன்னாருங்க."

"நீ சேத்திச் சொல்றே."

இனி வெளியாரை நம்பிப் பயனில்லை என்று முடிவாயிற்று. லிங்கசாமி கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, தன் காதைத் தானே கேட்டார். தீர்ப்பு வந்தது. ஊசி உடைந்திருக்க வழியில்லை, காதில் ஊசி கிடையாது. எண்ணெய் வற்றியிருக்கலாம். இல்லாவிட்டால் பஞ்சு. இத்தனை வருடமாகப் பஞ்சு பறக்கிற கொட்டகையில் நின்றவனுக்குக் காதில் பஞ்சு அடைக்காமல் வேறென்ன அடைக்கும்?

மெஷின் ஊசிக்கு விடுகிற எண்ணெய் தண்ணீர் மாதிரி இருக்கும், துணியில் பட்டாலும் கறை பிடிக்காது. துணிக்கே ஒன்றும் செய்யாதது காதை என்ன செய்யும் என்று, மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணெய்க் குப்பியின் மூக்கைக் காதில் வைத்து அழுத்தினார். சத்தம் குறையவில்லை. கேட்பது இன்னும் மந்தமானது. ஆக, எண்ணெய் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

நாலாம் நாள் வேலுமணியின் கம்பெனிக்குப் போனார். அங்கே மெஷினில் படிகிற பஞ்சை ஊதித் தள்ளக் கம்ப்ரஸர் இருந்தது. அதன் நீளமான குழாய் முனையில் ஒரு துப்பாக்கி, விசையை அழுத்தினால் காற்று சீறும். வேலை முடிந்து போகிற ஆபரேட்டர்கள் சட்டையையும் தலைமுடியையும் அதில்தான் ஊதிக்கொள்வார்கள்.

"மாரி, இந்தக் காதுல ஒரு ஊது ஊதி உடு."

மாரிச்செல்வம் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "என்ன அண்ணாச்சி சொல்லுதீய? வெளையாடுதீயளா? இந்தக் காத்து இரும்புக்குள்ள இருக்க பஞ்சையே பிச்சு எறியும். காது தாங்குமா?"

"இருபத்தஞ்சு வருச சர்வீஸ்காரன் சொல்றேன். குடு."

"முதலாளி வரட்டும், கேட்டுக்கிடுவோம்."

"முதலாளியே எங்கிட்டத்தான் கேப்பாரு!"

முதலாளி வருகிறாரா என்று மாரிச்செல்வம் வாசலைப் பார்த்தார். லிங்கசாமி துப்பாக்கியைப் பிடுங்கி, முனையை இடது காதில் வைத்து, கண்ணை மூடி, விசையை அழுத்தினார்.

கொட்டகைக்குள் தேங்காய் உடைந்தது போலிருந்தது. உடைந்தது தன் தலைக்குள்தான் என்பது அவருக்கு உடனே புரியவில்லை. மெஷின்கள் தாம் சுற்ற வேண்டிய சுற்றை விட்டுவிட்டு அவரைச் சுற்றத் தொடங்கின. மேலே இருந்த டியூப் லைட் கீழே வந்தது, சிமெண்டுத் தரை பக்கவாட்டில் எழுந்து நின்றது. துணி ரோல்களின் மேல் சாய்ந்து, அங்கேயே வாந்தி எடுத்தார். மாரிச்செல்வத்தின் வாய் பெரிதாகத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. காதைத் தொட்ட விரல் சிவப்பாகத் திரும்பி வந்தது.

எதிரே பன்னிரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. இடது காதுக்கு ஒரு மெஷினின் சத்தமும் வரவில்லை.

அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. வலியைவிட, ரத்தத்தைவிட, ஓடுகிற மெஷின் ஊமையாக ஓடுவதைப் பார்ப்பது அவருக்குப் பேயைப் பார்ப்பது போலிருந்தது.

மயிலாள் கம்பெனியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். வேலுமணியின் வேனில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த காது ஆஸ்பத்திரிக்குப் போனார். "போன் போட்டு..." என்று லிங்கசாமி ஆரம்பித்தார். மயிலாள் அவர் கையிலிருந்த போனை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். 

டாக்டர் அம்மாவுக்கு லிங்கசாமியைவிட வயது கம்மி. நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். லிங்கசாமி தன் முடிவைச் சொல்லத் தொடங்கினார்: "பஞ்சுங்க, பாத்தீங்கன்னா..."

"பேசாம இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர் அம்மா. பார்த்தார். கண்ணை மூடவில்லை, மூச்சை இழுத்து விடவில்லை. காதுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி, ஒரு மெல்லிய குழாயை விட்டு எதையோ உறிஞ்சி எடுத்து, வெள்ளைப் பஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். கறுப்பாக, பட்டாணி அளவில் ஒன்று.

"இதுதாங்க ஐயா. காது அழுக்கு, இறுகிக் கிடந்திருக்கு. பாதி அடைப்புக்குக் காரணம் இது. மொதல்லயே வந்திருந்தீங்கன்னா ரெண்டு நிமிச வேலை."

"பஞ்சு இல்லீங்களா?"

"ஒரு துளி பஞ்சு இல்லீங்க. நீங்க எண்ணெய் விட்டதுல இது ஊறி ஓரமா ஒதுங்கிருக்கு. அந்த வழியாக் காத்து போயி சவ்வைக் கிழிச்சிருச்சு. ஓட்டை இருக்கு."

ஓட்டை என்றதும் மயிலாள் எழுந்து நின்றார். "நான் பாக்கலாமுங்களா?" டாக்டர் அம்மா விளக்கைத் திருப்பிக் காட்டினார். எத்தனையோ வருடம் பனியனில் ஓட்டை பார்த்த கண் அது. பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்க. தண்ணி படாம வச்சிருந்தா ரெண்டு மூணு மாசத்துல தானா மூடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் கேக்கற டெஸ்ட் எடுத்துப் பாக்கோணும்."

ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, இரண்டு காதிலும் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். லிங்கசாமிக்கு உயிர் வந்தது. அவருடைய தொழிலே அதுதானே. நல்ல காதான வலது காதில் தொடங்கினார்கள். பூம் என்றது, அழுத்தினார். பொம் என்றது, அழுத்தினார். கண்ணாடிக்கு வெளியே மயிலாளைப் பார்த்துப் புருவத்தைக்கூட உயர்த்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தார். கரண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. "முடிஞ்சுதுங்க."

"பாதியிலயே நின்னுபோச்சுங்களே? அப்பறம் ஒண்ணும் வரலீங்களே?"

"வந்துச்சுங்க. பாதிக்கு மேல வந்துச்சு."

டாக்டர் அம்மா ஒரு கோட்டைக் காட்டினார். மேலே நேராக வந்து, ஓரிடத்தில் கிணற்றில் விழுந்தது போல் இறங்கியது. "இது உங்க நல்ல காது. கனமான சத்தமெல்லாம் கேக்குது. கீச்சுனு வர்ற மெல்லிசான சத்தம் கேக்கவே இல்ல. மெஷின் இரைச்சல்ல நரம்பு தேஞ்சு போயிருக்கு. காதுக்குள்ள கீங்னு வர்றதும் அதனாலதான். இது திரும்ப வராதுங்க ஐயா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்."

"எப்பருந்துங்க இப்படி?"

"இவ்வளவு தேயறதுக்குப் பத்து வருசமாவது ஆயிருக்கும்."

லிங்கசாமி விரல் விட்டு எண்ணவில்லை. எண்ணாமலே கணக்கு வந்து நின்றது. பத்து வருடம் என்றால் ஆயுத பூஜைக்கும் முன்னால். பொரிகடலைக்கும் முன்னால். ஊசி உடைந்தால் வருகிற கிளிக், எண்ணெய் வற்றினால் வருகிற கீச், போன் வழியாக அவர் கண்ணை மூடிக் கேட்டதாக நம்பிய எதுவும் அவர் காதுக்குள் நுழையவே இல்லை. கேட்காத சத்தத்துக்கு இத்தனை காலம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். அதைவிட அதிர்ச்சி, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் உட்பட.

"அப்ப நான் எதைங்க கேட்டேன்?" என்றார்.

டாக்டர் அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. மருந்துச் சீட்டையும், காதில் செருகிக்கொள்ள இரண்டு சிறிய ரப்பர் அடைப்பான்களையும் கொடுத்தார். "ஓட்டை மூடினதும், மெஷின் ஓடற எடத்துக்குப் போகும்போதெல்லாம் ரெண்டு காதுலயும் போட்டுக்கங்க."

ஓட்டை மூன்று மாதத்தில் மூடியது. மூடிவிட்டதா என்று பார்க்க இரண்டு முறை நேரில் போனார். இரண்டாம் முறை மயிலாள் சொல்லாமலே போனார். கீங் மட்டும் மெலிதாகக் கூடவே இருந்தது. அதுவும் மனைவி மாதிரி, பழகிவிட்டது.

அவர் வீட்டில் இருந்த அத்தனை நாளும் ஊரில் மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதுவும் அவருக்கு ஒரு அதிர்ச்சி.

ஒருநாள் காலை வேலுமணியின் போன் வந்தது. லிங்கசாமி வலது காதில் வைத்தார்.

"ஏனுங்ண்ணா, ஒடம்பு பரவாயில்லீங்களா? அஞ்சாம் மெஷின்ல துணி நெடுக ஒரு கோடு உழுகுது. துணி வாங்கற பையர் ஆளுங்க வேற ஆபீஸ்ல உக்காந்திருக்கறாங்க. உங்களப் பத்தித்தான் சொல்லிட்டு இருந்தேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன். இந்தாங்க, மெஷின்கிட்டக் காட்டறேன், கேட்டுச் சொல்லுங்."

கடகடவென்று கனமான ஓட்டம் கேட்டது. அதற்கு மேல் ஏதாவது இருந்திருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மயிலாள் திரும்பிப் பார்த்தார். "ஊசி, எண்ணெய், பஞ்சு" என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். மூன்றில் ஒன்று பலிக்கும். பையர் ஆட்கள் முன்னால் பெயரும் நிலைக்கும்.

"அண்ணா? கேக்குதுங்களா?"

"இல்லீங்க, கேக்கல" என்றார் லிங்கசாமி. "மெஷின நிறுத்தி வைங். நான் நேர்ல வர்றேன்."

மொபெட்டில் மயிலாளை அவர் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கொட்டகையில் மாரிச்செல்வம் ஓடி வந்து, ஏதோ நினைவில், காற்றுத் துப்பாக்கியை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டார். லிங்கசாமி அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

"மாரி, நான் சொல்லும்போது மெல்ல ஓட்டுங்க. கிளிக்குனு எங்கயாச்சும் கேட்டா நீங்க சொல்லுங்க. எனக்குக் கேக்காது."

வேலுமணியும் பையர் ஆட்களும் ஆபீஸ் கதவருகே வந்து நின்று பார்த்தார்கள். லிங்கசாமி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பர் அடைப்பான்களை எடுத்து, ஒன்றை வலது காதிலும் மற்றதை இடது காதிலும் செருகிக்கொண்டார். டார்ச்சைப் பற்களில் கடித்தபடி, அஞ்சாம் மெஷினுக்கு அடியில் குனிந்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.